ஆளிட்டைக் கேட்டனீங்களோ?

அன்று அந்தக் கீழறையில் இருந்தவர்கள்: சுவிஸில் ஆராவ் ஸ்டேசனுக்குப் பின்னால் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கடைக்கார அண்ணை, சாமான் வான் ஓட்டுகிற தம்பி, தமிழ் வகுப்பை நடத்துகிற மாஸ்டர், என் கணவர், நான், அக்கா, அக்காவின் மகள். அவ்வளவு பேர்தான். அவர்களைத் தவிர, அக்காவின் கைத்தொலைபேசிக்குள் ஊரிலிருந்து ஒருத்தி. அவளையும் ஓர் ஆளாக எண்ண வேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கே தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் இறங்காமல் நிற்கிறது.

அக்கா என்று நான் சொல்வது, முதியோர் இல்லத்தில் என்னோடு துப்புரவு வேலை செய்தவரை. எனக்குச் சொந்தம் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூப்பு. இப்போது அவர்கள் குடும்பம் ரெனான் பக்கம் போய்விட்டது. அது பிரெஞ்சு கதைக்கிற இடம், நான் ஒருமுறைகூடப் போனதில்லை. பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்பதற்கு நம்பர் இருக்கிறது. கேட்கத்தான் முகம் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அதோடு விட்டது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தபால் பெட்டியில் கண்ணாடி வைத்த அரசாங்கக் கடித உறை கிடந்தால், பிரிக்காமல் கணவர் வரும்வரை மேசையில் கவிழ்த்து வைப்பேன். ரெயிலில் ரிக்கெற்றைக் கைக்குள்ளேயே வைத்திருப்பேன். அக்கா ரெயிலில் ஏறினால் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கதைப்பார். சுவிஸ்காரர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்ப்பார்கள். எனக்குக் காது மடல் சுடும். "அக்கா, கொஞ்சம் மெல்ல" என்பேன். "ஏன், நாங்கள் களவெடுத்த கதையோ கதைக்கிறம்?" என்று அதையும் உரத்துத்தான் சொல்வார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யாராவது இன்னொருவருக்காகப் பதில் சொன்னால் போதும், உடனே கேட்பார்: "ஆளிட்டைக் கேட்டனீங்களோ?"

எனக்கு வயிற்று வலி வந்து டொக்டரிடம் போனபோது, மொழி சொல்ல அக்காவைக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் என்னைப் பார்த்து எங்கே நோகுது என்று கேட்கிறார். என் கணவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இஞ்சை, சாப்பிட்டாப் பிறகு" என்கிறார். அக்கா அவருடைய கையைத் தட்டிவிட்டு, "அண்ணை, நோ உங்களுக்கோ அவவுக்கோ? ஆளிட்டைக் கேட்டனீங்களோ?" என்றார். எனக்கு நோ வேறு இடத்தில், சாப்பிடுமுன்புதான் வரும். கல்யாணமாகிப் பதினொரு வருடமாகியும் அதை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. வெளியே வந்ததும் கணவர் அக்காவோடு கோபித்துக்கொண்டு வேறு பஸ்ஸில் போனார்.

பிறகு எங்களுக்குச் சுவிஸ் பிரஜாவுரிமை கிடைத்தது. வருடத்தில் சில தடவை தபாலில் பெரிய கடித உறை வரும். ஊருக்குப் புதுப் பள்ளிக்கூடம் கட்டலாமா, வரியைக் கூட்டலாமா என்று எல்லாவற்றையும் இந்த நாட்டில் சனத்திடம் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு உறை வரும். இரண்டையும் கணவர்தான் நிரப்புவார். நான் அடுப்படியில் நின்றபடி கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுவேன். எனக்குத் தெரிந்த முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். ஒருநாள் அக்கா கீரை கொண்டுவந்த நேரம் பார்த்து நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"உள்ளுக்கை என்ன எழுதியிருக்குது எண்டு தெரியுமோ உமக்கு?"

"ஏதோ நீச்சல் குளமாம் அக்கா."

"வேணுமோ, வேண்டாமோ?"

"அவர் வேணும் எண்டு போட்டிருக்கிறார்."

"அவர் தன்ரை தாளிலை போடட்டும். இது உம்மடை தாள் எல்லோ?"

கணவர் வரவேற்பறையிலிருந்து சொன்னார்: "உவவுக்கு நீந்தவும் தெரியாது. உவவுக்கு ஏன் குளத்திலை கருத்து?"

"ஆளிட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்டார்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. வரி கூடிவிடுமே என்ற பயத்தில் "வேண்டாம்" என்றேன். அக்கா பக்கத்தில் இருந்து என்னைக்கொண்டே எழுதுவித்தார். கணவர் அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார்: "என்ரை ஓமும் உன்ரை வேண்டாமும் வெட்டுப்பட்டுப் போச்சு. இந்த வீட்டாலை இந்த முறை ஒருத்தரும் வோட்டுப் போடேல்லை எண்டு நினைச்சுக்கொள்." அதற்குப் பிறகு என் உறையை நான்தான் நிரப்புகிறேன். பயந்து பயந்துதான். இருந்தாலும் நான்தான்.

இதையெல்லாம் வைத்து அக்காவை ஒரு பெரிய மனுசியாகக் காட்டிவிடக் கூடாது. கேட்டதால் வந்த வினையும் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கின் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு கிழவி இருந்தார். மகன் வந்து எங்களுடைய மேற்பார்வையாளரிடம், "அம்மாவுக்கு இந்த அறை நல்லாப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, கிழவியையே தன்னுடைய உடைந்த ஜெர்மனில் கேட்டுவிட்டார்: "உங்களுக்குப் பிடிக்குமா?" கிழவி மடியில் இருந்த கைப்பையை எடுத்துப் பூட்டினார். பிறகு, "எனக்கு வீட்டுக்குப் போகவேணும்" என்றார். அதுவரையும் அதைச் சொல்லாத கிழவி. அன்றிலிருந்து தினமும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, மலை ரெயில் எத்தனை மணிக்கு என்று கேட்பார். மகன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார். மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டு நன்றாக ஏச்சுக் கொடுத்தார். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம், "கேட்டிருக்கக் கூடாதோ?" என்றார். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நான் எதையும் கேட்காத ஆள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மேல்மாடியில் தமிழ் வகுப்பு. கீழறையில் பெற்றோர் காத்திருப்போம். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, தட்டில் ரோல்ஸ். ஊரில் ஜனாதிபதித் தேர்தல் வரப்போகிறது என்றால் அந்த அறை சூடேறிவிடும். எங்களில் ஒருவருக்கும் அங்கே வோட்டு இல்லை. ஆனால் ஊருக்குத் தொலைபேசி எடுத்து யாருக்குப் போட வேண்டும் என்று சொல்கிற உரிமை இருக்கிறது என்று எல்லோருமே நினைத்தோம். மாதா மாதம் காசு அனுப்புகிறோம், அதனால். அதை ஒருவரும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னோம்.

ஏற்கெனவே ஜனாதிபதிக் கதிரையில் இருந்தவரைப் பழையவர் என்போம். எதிர்த்து நின்றவரைப் புதியவர் என்போம். கடைக்கார அண்ணை புதியவர் பக்கம்.

"எங்கடை வீட்டிலை ஒன்பது வோட்டு. ஒன்பதும் புதியவருக்கு. நேற்று எடுத்துச் சொல்லிப்போட்டன். ஒண்டு மாறினாலும் இந்த மாசம் காசு வராது எண்டு."

வான் தம்பி தேர்தலையே ஒதுக்க வேண்டும் என்ற கட்சி. "அண்ணை, ரெண்டு பேரும் ஒரே துணியிலை வெட்டின சட்டை. எங்கடை சனம் ஒண்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. போறவன் துரோகி."

"ஓ, எங்கடை சனம் போகாட்டி ஆர் வெல்லுறது? பழையவர்தானே. அப்ப நீ அவரின்ரை ஆள்."

"ஆரைப் பாத்துச் சொல்லுறியள்?"

"உன்னைத்தான்ரா. வேறை ஆர் இஞ்சை உன்னை மாதிரிக் கத்துறது?"

மாஸ்டர் மேலே கையைக் காட்டி, "மேலை பிள்ளையள் படிக்குதுகள்" என்றார். என் கணவர், "ரெண்டு பேர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். தம்பி இப்படியான நேரங்களில் தன் தொலைபேசியை ஃபிளாஸ்கில் சாய்த்து வைத்து எல்லாவற்றையும் படம் பிடிப்பான். பிறகு பேஸ்புக்கில் போடுவான். அது எல்லோருக்கும் தெரியும். நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் இருப்பேன்.

வகுப்பு முடிந்து முதலில் இறங்கிவந்த மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அக்கா கேட்டார்: "இவ்வளவு கதைக்கிறியள். போடப் போற ஆளிட்டைக் கேட்டனீங்களோ?"

"அதுகளுக்கு என்னக்கா தெரியும்?" என்றான் தம்பி. "பயத்திலை வாய் திறக்காதுகள். நாங்கள்தான் அதுகளுக்காகக் கதைக்கோணும். இஞ்சை எங்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் இருக்கு."

"உங்களுக்கு இருக்கு. சரி. அவையின்ரை வாயை ஏன் பொத்துறியள்?"

"ஆர் பொத்தினது? கேளுங்கோ பாப்பம். ஒருத்தியும் சொல்லமாட்டாள்."

அந்த "பாப்பம்" தான் அக்காவை ஏற்றிவிட்டது என்று நினைக்கிறேன். தொலைபேசியை எடுத்துத் தங்கைக்கு அடித்தார். வன்னியில், மீளக் குடியேறிய இடத்தில், இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள். புருசன் இல்லை. அங்கே மணி அடிக்க அடிக்க, அக்கா ஒலிபெருக்கியைப் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"ஓம் அக்கா, சொல்லு." காகம் கத்துவதுகூடக் கேட்டது. ஏதோ துருவிக்கொண்டிருந்தாள்.

"எலெக்சனுக்கு ஆருக்கடி போடப் போறாய்?"

"இதென்ன கேள்வி இந்த நேரத்திலை?"

"சும்மா சொல்லன்."

அவள் சிரித்தாள். "நீ ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன? பழையவருக்குத்தான்."

அப்போதாவது அக்கா ஒலிபெருக்கியை நிறுத்தியிருக்கலாம். கை தொலைபேசிப் பக்கம் போனதை நான் கண்டேன். ஆனால் ஒருத்தி பயமில்லாமல் சொல்லிவிட்டாள் என்ற பெருமையும் அந்த முகத்தில் இருந்தது. கை பாதியில் நின்றது. மறுபக்கத்தில் அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"எனக்கு அந்தாளைப் பிடிச்சோ அக்கா? வீடு சுவரோடை நிக்குது. அரைவாசிக் கூரைக்குத் தகரம் தந்தது அவரின்ரை ஆக்கள். மிச்சத்துக்கும் பேர் பதிஞ்சு வைச்சிருக்கிறாங்கள். மழைக்குப் பிள்ளையளை எங்கை படுக்க விடுறது, சொல்லு?"

கடைக்கார அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டார். தம்பி மேசைக்கு மேல் குனிந்து தொலைபேசிக்குள் கத்தினான்: "தகரத்துக்கோ உங்களை வித்தனீங்கள்? எத்தினை தகரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. பயம் வந்தாலும் எனக்குச் சிரிப்பாகத்தான் வெளியே வரும்.

துருவுகிற சத்தம் நின்றது.

"அக்கா, ஆர் அது?"

அக்கா தம்பியைக் கையால் பின்னுக்குத் தள்ளினார்.

"எத்தினை பேர் அங்கை இருக்கினம்? எல்லாருக்கும் கேக்கப் போட்டிருக்கிறியோ?" பிறகு, கோபமே இல்லாத குரலில், "நீ என்னட்டைக் கேட்டனியோ அக்கா?" என்றாள். தொடர்பு அறுந்தது.

அக்கா தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் எல்லாவற்றுக்கும் கேட்ட மனுசி, கூடப் பிறந்தவளை மட்டும் கேட்கவில்லை. தன் தங்கை என்பதால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார் போல. சொந்தம் என்றால் நாங்கள் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம். கடைக்கார அண்ணையின் ஒன்பது வோட்டும் அதே நினைப்புத்தான்.

தம்பி வீடியோவைப் போட்டுவிட்டான் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. "தகரத்துக்கு ஒரு வோட்டு" என்று மேலே எழுதிப் போட்டிருந்தான். அவளுடைய முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் அந்த ஊரில் பாதிக் கூரையோடு இருக்கும் வீடு எது என்று அந்த ஊருக்குத் தெரியாதா? குரல் தெரியாதா? அக்கா வேலையிலிருந்தே அவனுக்கு அடித்தார். சலவை இயந்திரங்களுக்கு நடுவில் நின்று கத்தினார். அவன் சொன்னது எனக்கும் கேட்டது, அவனும் உரத்துத்தான் கதைப்பான்.

"அக்கா, நீங்கள்தானே ஆளிட்டைக் கேளுங்கோ எண்டனீங்கள். கேட்டம். ஆள் சொன்னதை நான் போட்டன். ஒரு சொல்லுக் கூட்டேல்லை, குறைக்கேல்லை. அவவுக்குக் கதைக்கச் சுதந்திரம் இருந்தால் எனக்குப் போடச் சுதந்திரம் இல்லையோ?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்றை நிறுத்தி ஈரத் துணிகளை வெளியே இழுத்துப் போட்டார். கடைசியில் கடைக்கார அண்ணை போய்ப் பேசி அதை அழிப்பித்தார். அதற்குள் எத்தனை பேர் இறக்கி எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ. எனக்கே இரண்டு பக்கத்தால் வந்தது.

ஊரில் அவளைத் "தகரம்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவளுடைய மூத்த பிள்ளை ரியூசனுக்குப் போகமாட்டேன் என்று நின்றதாம். அக்கா எடுத்தால், "சுகம்", "ஓம்", "வைக்கிறன்". இந்த மூன்று சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அக்கா பிறகு வேலையில் என்னிடம் சொல்வார், "இண்டைக்கு ஓம் எண்டதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னவள்" என்று. இந்த ஆளா ரெயில் முழுக்கக் கேட்கக் கதைத்தவர் என்று இருக்கும்.

தேர்தலில் புதியவர் வென்றார். கடைக்கார அண்ணை கடையில் வந்தவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தார். மிச்சத் தகரம் வரவில்லை. கூரைக்குக் காசு அனுப்பட்டோ என்று அக்கா கேட்டதற்கு, அவள் "வேண்டாம்" என்று நாலாவதாக ஒரு சொல்லுச் சொன்னாள்.

தேர்தல் முடிந்த அந்த வாரத்தில் ஒருநாள், இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா எனக்குச் சொன்னார். தங்கை தொலைபேசி எடுத்தாளாம். அவளாகவே. தேர்தல் அன்று வோட்டுப் போடுகிற பள்ளிக்கூட வாசல்வரை போனாளாம். அங்கே மோட்டார் சைக்கிளில் இருந்த பொடியன்கள் சிலர் அவளைக் கண்டதும் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துத் தகரக் கேற்றில் விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்களாம். டங், டங், டங். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

"உமக்குத்தான் சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார் அக்கா.

விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்தபடி நான் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை கீழறையில் மறுபடியும் அதே தேத்தண்ணி, அதே ரோல்ஸ். வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு ஊரிலிருந்து யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

"பாத்தியளோ? எங்கடை சொல்லு ஊரிலை எடுபட்டிருக்கு" என்றான். "அக்கான்ரை தங்கச்சி வோட்டுப் போடேல்லையாம். வீடியோவைப் பாத்து யோசிச்சிருக்கிறா. ஒதுக்கினதிலை அவவும் ஒராள்."

"சும்மா போடா," என்றார் கடைக்கார அண்ணை. "போயிருந்தால் அவ புதியவருக்குத்தான் போட்டிருப்பா. அண்டைக்கு நாங்கள் சொன்னது மண்டையிலை ஏறியிருக்கும். ஏதோ சுகமில்லாமல் போகேல்லையாக்கும். அவ எங்கடை பக்கம்."

"உங்கடை பக்கமோ? போகாத ஆள் எப்பிடி அண்ணை உங்கடை பக்கம்?"

போடாத அந்த ஒரு வோட்டை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மாஸ்டர் சிரித்தார். என் கணவர், "ரெண்டிலையும் நியாயம் இருக்கு" என்றார். எனக்கு உண்மை தெரியும். சொல்லமாட்டேன் என்று தலையாட்டியிருந்தேன், அதனால் சொல்லவில்லை. சத்தியமாக அதனால்தானா என்று என்னைக் கேட்டால், அந்த மேசையில் எழுந்து நின்று ஒரு சொல்லுச் சொல்கிற துணிவு தலையாட்டாமல் இருந்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது. அந்த வாக்கு எனக்கு வசதியாக இருந்தது.

"என்னக்கா," என்று தம்பி திரும்பினான். "நீங்களே சொல்லுங்கோ. தங்கச்சி ஆரின்ரை பக்கம்?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் தங்கையின் கதையை மறுபடியும் அந்த மேசை நடுவில் எடுத்து வைக்க வேண்டும். வாசல், கேற், அந்தத் தட்டு, திரும்பி நடந்தது, எல்லாவற்றையும்.

"ஆரின்ரை பக்கமெண்டாலும் வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் அக்கா. பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

அவருடைய மகளுக்குக் கேட்டது. பன்னிரண்டு வயது, இங்கே பிறந்த பிள்ளை, குரல் அப்படியே தாயினது.

"அம்மா, சித்தி கேற் வரைக்கும் போனவ எல்லோ? நீங்கள் ஃபோனிலை அழுதனீங்கள் எல்லோ? ஏன் இவையளுக்குச் சொல்லேல்லை?"

தம்பி ஃபிளாஸ்கில் சாய்த்து வைத்திருந்த தொலைபேசியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா குனிந்து மகளுடைய சப்பாத்து நாடாவைக் கட்டினார். அந்த வயதுப் பிள்ளைக்கு யாரும் நாடா கட்டிவிடத் தேவையில்லை. கட்டியதை அவிழ்த்து, இன்னொரு தடவை கட்டினார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அம்மா," என்றாள் பிள்ளை, "கேக்கிறன் எல்லோ."